கோர்வையை வெட்டினார்கள், பெயரையும் விட்டுவிட்டார்கள்: கையெழுத்துப் போட்ட இசையமைப்பாளருக்கு என்ன மிச்சம்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயலின் கலைஞர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

12 வருடமாக நாட்டியக் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர். ஒரு விளம்பர நிறுவனம் இவரைக் கூப்பிட்டு, ஒரு மாநிலச் சுற்றுலாத் துறைக்காக 4 நிமிடப் படம் எடுக்கிறோம், வசனமே கிடையாது, ஒரு பரதநாட்டியக் கலைஞர் கோயில் பிராகாரம், கடற்கரை, மலை என்று ஆடிக்கொண்டே போவார், இசைதான் படத்தை நடத்த வேண்டும் என்று சொல்லி, ஒரு பிரபலமான தில்லானாவின் பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே ஃபீல் வேண்டும்" என்றிருக்கிறது. இவர் புதிதாக ஒரு தில்லானா போட்டார். ஜதிகளை (தாளச் சொற்கட்டுகளை), கூடவே வேலை செய்யும் நட்டுவனார் அக்கா ஒருவர் கட்டிக் கொடுத்தார். பேக்கேஜாகப் பேசிய 1,20,000 ரூபாயில் பாதி முன்பணமாக வந்தது. மிருதங்கம், புல்லாங்குழல், பாட்டு, ஸ்டுடியோ வாடகை என்று அது அப்படியே கரைந்துவிட்டது. ஒலிப்பதிவு முடிந்த மறுவாரம் 2 பக்க ஒர்க் ஆர்டர் வந்தது: இசையின் "எல்லா உரிமைகளும்" நிறுவனத்துக்கு, ராயல்டி கேட்க மாட்டேன், வேறு யாராவது உரிமை கோரினால் நஷ்டம் என் பொறுப்பு. பாக்கிப் பணம் வர வேண்டுமே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படம் வெளியாகி 7 மாதம் ஆகிறது, பாக்கி 60,000 வரவில்லை. படத்தின் முடிவில் "இசை" என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. விமான நிலையத் திரையில் ஓடுகிற 30 விநாடி வெட்டில், மூன்று முறை வந்து சமத்தில் (தாளத்தின் தொடக்க அடியில்) விழ வேண்டிய கோர்வையை (முடிப்புத் தாளக் கட்டை) இரண்டாவது முறையின் நடுவிலேயே அறுத்து லோகோவைப் போட்டிருக்கிறார்கள். "தாளம் தெரியாதவன் போட்ட மாதிரி இருக்கு மேடம், கேட்டா வயித்தைப் பிசையுது" என்று எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு அதே இசை இப்போது ஒரு ரிசார்ட் விளம்பரத்திலும் கேட்கிறது. அக்காவோ, பாதி உரிமை எனக்கு என்கிறார். நண்பர்கள், "பதிவு பண்ணலையே, காப்பிரைட்டே கிடையாது", "அரசாங்கப் படம், வாயைத் திறந்தால் பிளாக்லிஸ்ட்" என்கிறார்கள். ஸ்வரக்குறிப்பைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாராம். அது போதுமா என்பது கடைசிக் கேள்வி.

சரி, உங்களிடமே பேசுகிறேன்.

கடிதத்தில் "எல்லாம் போய்விட்டது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் போகவில்லை. கையெழுத்துப் போட்டதால் சில போயிருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்களே நினைத்தாலும் எழுதிக் கொடுக்க முடியாத சில உரிமைகளை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உங்களிடமே கட்டி வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் யாரிடம் என்ன கேட்பது என்று பார்ப்போம்.

முதலில் பதிவு விவகாரம். இந்தியாவில் பதிப்புரிமை வருவதற்குப் பதிவு தேவையில்லை. மெட்டை நீங்கள் உருவாக்கியதுமே அது உங்களுடையது. ஸ்வரப்படுத்தி எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவரே இசையமைப்பாளர் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது. பதிவு என்பது பின்னால் சண்டை வந்தால் கையில் இருக்கிற ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். அந்தத் தபால் உறையை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டாத காலி உறையைக்கூட யாரும் தனக்கே அனுப்பிக்கொள்ள முடியும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

உங்களிடம் அதைவிடப் பலமான சாட்சி இருக்கிறது, நீங்கள் அதைச் சாட்சியாகவே நினைக்கவில்லை. படப்பிடிப்புக்காக, தாளம் காட்டும் கிளிக் ஒலி சேர்த்த பிரதி ஒன்றும், ஸ்லோ மோஷன் ஷாட்டுகளுக்காக இரட்டை வேகத்தில் ஓடும் பிரதி ஒன்றும் செய்து அனுப்பியதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்குப் பல்லவியைப் பாடி அக்காவுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டும் இருக்கிறது. மெட்டு பிறந்ததிலிருந்து பிராகாரத்தில் ஸ்பீக்கரில் ஒலித்தது வரைக்கும் தேதி வாரியாக ஒரு வரிசை அது. அந்த போனை மாற்றாதீர்கள், ஃபார்மேட் பண்ணாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவின்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

கையெழுத்துப் போட்ட பிறகும் உங்களிடம் இருப்பவை

ஒரு காலத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, காசு கொடுத்துப் படத்துக்கு இசை போடச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்த இசைக்குத் தயாரிப்பாளர்தான் சொந்தக்காரர் என்ற நிலைமை பல வருடம் நீடித்தது. 2012இல் வந்த திருத்தம் அதை மாற்றியது. இரண்டு விஷயம் உங்களுக்கு முக்கியம். ஒன்று, படத்தில் சேர்ந்துவிட்ட இசை என்பதற்காக அதைப் படைத்தவரின் உரிமை தானாகப் போய்விடாது. இரண்டு, 18வது பிரிவின்படி, படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவதைத் தவிர வேறு எந்த வழியில் அந்த இசையைப் பயன்படுத்தினாலும், உரிமையை வாங்கியவரோடு சரிபாதியாக ராயல்டி பெறும் உரிமை இசையமைப்பாளருக்கு உண்டு. அதை அவர் விட்டுக்கொடுக்கவே முடியாது, சட்டப்பூர்வ வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதித் தரவும் முடியாது. அப்படி எழுதினால் அந்த ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஆகவே ஒர்க் ஆர்டரில் இருக்கிற "ராயல்டி கேட்க மாட்டேன்" என்ற வரியைப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

"இது சினிமா இல்லையே, 4 நிமிட விளம்பரம்தானே" என்று நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. சட்டத்தின் கண்ணில் காட்சியைப் பதிவு செய்த எந்தப் படைப்பும் திரைப்படம்தான். தியேட்டரில் ஓடினால்தான் படம் என்று எங்கும் இல்லை. உங்கள் படம் ஓடுவதெல்லாம் யூட்யூப், தொலைக்காட்சி, விமான நிலையம். அதாவது திரையரங்குக்கு வெளியேதான். ஆனால் இதை வைத்து லட்சக்கணக்கில் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அரசு நடத்துகிற அதிகாரபூர்வ விழாவில் ஒலிபரப்பியதற்கு ராயல்டி கேட்க முடியாது, சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. மற்ற இடங்களில் வருவதும் பெரும்பாலும் சிறு தொகையாகத்தான் இருக்கும். ஆனாலும் அது உங்கள் காசு. இசைப் படைப்பாளிகளுக்காக வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, இந்தத் தில்லானாவை உங்கள் பெயரில் தெரிவித்து வையுங்கள். சேராதவர் பெயரில் வசூல் ஆகாது. நாட்டியத்துக்கு இசை போடுகிறவர்களில் நிறையப் பேர் இது சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கியே இருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

அடுத்தது, நீங்கள் அனுப்பிய ஒர்க் ஆர்டரை இரண்டு முறை படித்தேன். "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும்" என்று இருக்கிறதே தவிர எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டில் என்று ஒரு வார்த்தை இல்லை. 19வது பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது: காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக நீங்கள் எழுதிக் கொடுத்தது ஆயுளுக்கும் இல்லை. 5 வருடம் கழித்து இசை உங்களிடம் திரும்பி வர வேண்டும், அதற்கப்புறம் உங்கள் ஆயுள் முழுவதும், உங்களுக்குப் பின் 60 வருடமும் பதிப்புரிமை இருக்கும்.

ஒன்றை இங்கே திருத்த வேண்டும். "பாக்கி தரவில்லை, அதனால் நான் எழுதிக் கொடுத்ததும் ரத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் தராததால் மட்டும் உரிமை மாற்றம் தானாக ரத்தாகிவிடாது, ஒர்க் ஆர்டரிலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. 60,000 ரூபாய் தனியாக வசூலிக்க வேண்டிய கடன், 3 வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

அதனால் யூட்யூபில் படத்தின் மேல் ஸ்ட்ரைக் போடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த 5 வருடத்துக்குள் படத்தையே இறக்கச் சொன்னால், பொய்ப் புகார் என்று அது உங்கள் பக்கமே திரும்பும்.

அரசுப் படம் என்பதால் வரும் சிக்கல்

உண்மையான ஆபத்து நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை, இங்கே இருக்கிறது. அரசின் கட்டளையில் அல்லது கட்டுப்பாட்டில் உருவான படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அரசே முதல் உரிமையாளர் என்று 17வது பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. அரசு நிறுவனங்களுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. 2012 திருத்தம் படைப்பாளியைக் காப்பாற்றியது தயாரிப்பாளர், முதலாளி பற்றிய உட்பிரிவுகளிலிருந்துதான். அரசைப் பற்றிய உட்பிரிவுகளை அது தொடவில்லை. எனவே துறை நாளைக்கு "இசைக்கு நாங்கள்தான் முதல் உரிமையாளர்" என்று சொல்ல வழி இருக்கிறது.

உங்கள் பக்கம் இரண்டு பதில் இருக்கின்றன. துறை உங்களுக்கு எந்த உத்தரவும் தரவில்லை, ராகம் என்ன, தாளம் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்களோடு பேசியது நிறுவனம் மட்டும்தான். அதைவிட முக்கியமாக, ஒர்க் ஆர்டரில் "இசையமைப்பாளர் தன் உரிமைகளை மாற்றித் தருகிறார்" என்று நிறுவனமே எழுதியிருக்கிறது. உங்களிடம் இல்லாத உரிமையை உங்களிடமிருந்து எப்படி வாங்கினார்கள்? உங்களைக் கலங்கடித்த அதே காகிதம் இந்த இடத்தில் உங்களுக்குத்தான் உதவுகிறது, பத்திரமாக வையுங்கள். அப்படியே அரசு முதல் உரிமையாளர் என்று வைத்துக்கொண்டாலும், சொத்துக்குச் சொந்தக்காரர் மாறலாம், படைத்தவர் மாற மாட்டார். பெயர் கோருகிற உரிமை படைத்தவரோடு ஒட்டியது.

பிளாக்லிஸ்ட் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், முதல் கடிதம் நிறுவனத்துக்கு மட்டும் போகட்டும். அரசுத் துறைமேல் வழக்குப் போடுவதென்றால், பொதுவாக முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், உங்களுக்கு இப்போது அது தேவையே இல்லை. துறைக்கு உங்கள் பெயர் விடுபட்டது தெரிந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. நிறுவனம் பதில் தராவிட்டால், புகார் தொனி இல்லாமல் ஒரு பக்கக் கடிதம் துறை அதிகாரிக்கு: இந்தப் படத்துக்கு இசை நான், ஆதாரம் இணைத்திருக்கிறேன், பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன். இதற்காக யாரும் பட்டியலில் போட மாட்டார்கள்.

பெயரும் கோர்வையும்

57வது பிரிவு பெயர் கோரும் உரிமையையும், படைப்பைச் சிதைத்து உங்கள் நற்பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. பதிப்புரிமையை முழுதாக விற்றிருந்தாலும் இது இருக்கும். பெயர் விஷயத்தில் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள். இசை என்ற இடத்தில் வேறு பெயர் இருப்பதற்கு அவர்களால் என்ன சமாதானம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கோர்வை விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 4 நிமிடத்தை 30 விநாடி ஆக்குவது விளம்பரத்தில் வழக்கம், வெட்டியதையே சிதைவு என்று சொன்னால் நீதிமன்றம் ஏற்பது கஷ்டம். ஆனால் எங்கே வெட்டினார்கள் என்று காட்ட முடியும். நீங்கள் அனுப்பிய அந்தக் காணொளியை நானும் பார்த்தேன்: கடைசிக் காட்சியில் அந்தப் பெண் காலைத் தூக்கி அடுத்த அடிக்குத் தயாராகிறார், அதற்குள் மிருதங்கம் நின்று லோகோ வந்துவிடுகிறது. நாட்டியம் தெரிந்தவர் யாருக்கும் அது இசையமைப்பாளர் செய்த பிழையாகத்தான் படும். மூத்த நட்டுவனார் ஒருவரும் மிருதங்க வித்வான் ஒருவரும் தாளம் போட்டுக் காட்டி இதை எழுத்தில் தந்தால் நல்ல வாதம் ஆகும். இதிலே ஒரு சங்கடம் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த வெட்டில் உங்கள் பெயர் இல்லை, அதனால் "இவர் பெயர் எப்படிக் கெட்டது" என்று கேட்பார்கள். பெயரைப் போடச் சொன்னால் அறுந்த கோர்வைக்குக் கீழே உங்கள் பெயர் வரும். என் யோசனை: முழுப் படத்துக்குப் பெயர் கேளுங்கள். 30 விநாடிக்கு, சமத்தில் முடிகிற மாதிரி நீங்களே ஒரு வெட்டு செய்து இலவசமாக அனுப்பி, இதை மாற்றிப் போடுங்கள் என்று சொல்லுங்கள். எடிட்டருக்கு அது அரை மணி நேர வேலை. வழக்கை விட இது சீக்கிரம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

ரிசார்ட் விளம்பரத்தைப் பொறுத்தவரை, "எல்லா உரிமைகளும்" தந்ததால் வேறு படத்தில் பயன்படுத்தக்கூடாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒர்க் ஆர்டரின் தலைப்பில் சுற்றுலாப் படத்தின் பெயர் மட்டும் இருப்பதால், உரிமை அந்தப் படத்துக்கு மட்டுமே என்று வாதிடலாம். அது எடுபடாவிட்டாலும் உங்கள் சரிபாதி ராயல்டி அங்கே நிற்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

அக்காவும் மாதிரிக்கு வந்த தில்லானாவும்

அக்காவோடு வக்கீல் வைத்துப் பேசாதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள். இருவரின் பங்கையும் பிரித்துக் காட்ட முடியாதபடி கலந்திருந்தால்தான் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்லும். உங்கள் தில்லானாவில் ஜதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிவிட முடியும். ஆகவே அவர் புதிதாகக் கட்டிய ஜதிகள் அவருடையவை, மெட்டு உங்களுடையது. முழுவதிலும் பாதி என்பது சரியில்லை. அதே நேரம் "ஜதிதானே, எல்லாரும் சொல்றதுதானே" என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. பரம்பரையாக வருகிற ஜதி வேறு, உங்கள் மெட்டுக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கட்டியது வேறு. தவிர, தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஒலியோடு அவர் குரல் பதிவில் இருக்கிறது. பாடியவர், மிருதங்கக்காரர், குழல்காரர், ஆடியவர் போல அவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, பெயர் கேட்கும் உரிமையும் உண்டு. நிறுவனத்துக்குப் போகும் கடிதத்தில் உங்கள் பெயரோடு அவர்கள் பெயர்களையும் சேர்த்துக் கேளுங்கள். யாருக்கு என்ன பங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மாதிரிக்கு அனுப்பிய தில்லானா யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது முக்கியம். ராகமும் தாளமும் யாருக்கும் சொந்தமில்லை. 19ஆம் நூற்றாண்டு நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் காலத்து உருப்படிகளுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, அவற்றை இன்று ஒருவர் செய்த ஒலிப்பதிவுக்குத்தான் உரிமை உண்டு. நாட்டிய மேடையில் தினமும் கேட்கிறோம் என்பதாலேயே எல்லாத் தில்லானாவும் பொதுச் சொத்தாகிவிடாது. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 2013இல் காலமானார், அவருடைய தில்லானாக்களுக்கு 2073 முடிய பதிப்புரிமை இருக்கிறது. உங்கள் பல்லவியின் எடுப்பும் போக்கும் நிறுவனம் அனுப்பிய அந்தப் பாட்டுக்கு நெருக்கமாக இருந்தால், "நஷ்டம் என் பொறுப்பு" என்ற வரி உங்களைத்தான் கடிக்கும். கடிதம் அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு வேண்டியவர் அல்லாத ஒரு வித்வானைக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

- எல்லா ஃபைல்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். விமான நிலையத் திரையையும் ரிசார்ட் விளம்பரத்தையும் தேதி தெரியப் பதிவு செய்யுங்கள்.
- இணையத்தில் 14ஆம் எண் படிவத்தில் இசைப் படைப்பாகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள், ஸ்வரக்குறிப்போடு. கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். ஜதிகள் யாருடையவை என்பதை உண்மையாகக் குறிப்பிடுங்கள்.
- நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே கடிதம்: பாக்கி, பெயர், 30 விநாடி வெட்டு, ரிசார்ட். 15 நாள் அவகாசம். மிரட்டல் வார்த்தை வேண்டாம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் அதற்கே எதிர்வழக்குப் போட சட்டத்தில் இடம் உண்டு.
- இந்த வேலையை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். வைத்திருந்தால், சிறு நிறுவனங்களின் தாமதப் பணத்துக்கான வழியில் வட்டியோடு கேட்கலாம், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வழக்கு வரை போனால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதிப்புரிமை வழக்கைப் போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். ஆனால் அதற்கு ஆகும் காலமும் செலவும் 60,000 ரூபாய்க்குத் தகுமா என்று கேட்டால், பணத்துக்காக மட்டும் என்றால் தகாது என்பேன். பெயருக்காக என்றால் அது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

அடுத்த படத்துக்குக் கூப்பிட்டால் ஒலிப்பதிவுக்கு முன்னாலேயே ஒர்க் ஆர்டரைக் கேளுங்கள். எந்தப் படத்துக்கு, எத்தனை வருடம், பெயர் எப்படி வரும் என்பதோடு, 60, 30, 15 விநாடி வெட்டுகளை நானே முடித்துத் தருவேன், வேறு இடத்தில் வெட்ட வேண்டுமானால் என்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நாட்டியப் படத்துக்கு இந்த வரி இல்லாமல் வேலை எடுக்கவே கூடாது. அந்த வெட்டுகளுக்கான தீர்மானங்களையும் (முடிக்கும் ஜதிக் கட்டுகளையும்) அக்காவையே கட்டச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகப் பணமும் பேசிக் கொடுங்கள்.

ஒர்க் ஆர்டரின் முதல் பக்கத்தின் அடிப்பகுதி படத்தில் மங்கலாக இருக்கிறது, அங்கே கையால் ஏதோ தேதி எழுதிய மாதிரி தெரிகிறது. அதை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை படம் எடுத்து அனுப்புங்கள். கடித வரைவைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.